ரா கோப்பை யார் படிப்பது

அடோபியின் லைட்ரூம் மென்பொருளில், கேமராவின் சென்சார் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு ஒன்றைத் திறக்கும்போது படம் இரண்டு முறை வருகிறது. முதலில் வருவது கேமராவின் பின்திரையில் பார்த்த படம்: தோல் சற்றுச் சிவந்து, நிழல்கள் அழுத்தமாக, புடவைச் சரிகை பளிச்சென்று. ஓரிரு நொடிதான். அது விலகி, அதே இடத்தில் இன்னொரு படம் வந்து அமர்கிறது. முகம் அதே முகம், சட்டகம் அதே சட்டகம். நிறம் மட்டும் வேறாகிவிட்டது. கல்யாண வேலை பார்க்கும் புகைப்படக்காரர்கள் எல்லோருக்கும் இந்த நொடி பழக்கம். கேமராவில் நன்றாக இருந்தது, கம்ப்யூட்டரில் ஏற்றியதும் வெளிறிவிட்டது என்று அவர்கள் குறைப்பட்டுக்கொள்வதும் பழக்கம்தான். முதலில் வந்தது, கேமரா தானே தயாரித்து ரா கோப்புக்குள் செருகி வைத்திருக்கும் ஜேபெக் படம். இரண்டாவதாக வந்தது, அந்தக் கோப்பில் உள்ள எண்களை மென்பொருள் தன் வழியில் படித்து உருவாக்கியது. அதே கோப்பை டார்க்டேபிள் என்ற கட்டற்ற மென்பொருளில் திறந்தால் மூன்றாவதாக ஒரு படம் வரும். கேமரா நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் திறந்தால், முதலாவதற்கு நெருக்கமான நான்காவது ஒன்று.

இவற்றில் எது நான் எடுத்த படம் என்ற கேள்வி நெடுநாளாக என்னை விடாமல் இருக்கிறது. எந்த மென்பொருள் எந்தக் கேமராவின் ரா கோப்பைத் திறக்கும், எது திறக்காது என்பதை நாம் பெரும்பாலும் கடைக்குப் போகிறவரின் கவலையாகவே பேசுகிறோம். புதுக் கேமரா வாங்கியாயிற்று, பழைய போட்டோஷாப் அதன் கோப்பைத் தெரியாது என்கிறது, என்ன செய்வது? நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு அடியில் வேறொன்று கிடக்கிறது. இந்தக் கால் நூற்றாண்டில் அக்கறையோடு எடுக்கப்பட்ட எத்தனையோ படங்கள் ரா கோப்புகளாகத்தான் வன்தட்டுகளில் உறங்குகின்றன. அவற்றைப் படிக்கும் திறமை யாரிடம் இருக்கிறது, யார் அனுமதியில் இருக்கிறது என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

சென்சாருக்கு நிறம் தெரியாது. அதன் ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டும் சொல்லும். அதைக் கொண்டு நிறத்தைப் பிரித்தறிய வழி கண்டவர்களில் முதன்மையானவர் கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர். 1975-இல் விண்ணப்பித்து 1976-இல் அவர் பெற்ற காப்புரிமையில் உள்ள ஏற்பாடு இது: ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு சிறு வண்ண வடிகட்டி, நான்கு பிக்சல் கொண்ட ஒவ்வொரு சதுரத்திலும் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். மனிதக் கண் வெளிச்சத்தின் நுணுக்கங்களைப் பச்சையை ஒட்டிய பகுதியில்தான் கூர்மையாகப் பிடிக்கிறது என்பதால் பச்சைக்கு இரண்டு பங்கு. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. கைபேசிக் கேமரா முதல் ஸ்டுடியோக் கேமரா வரை பெரும்பாலானவை இன்றும் இந்த ஏற்பாட்டில்தான் இயங்குகின்றன.

24 மெகாபிக்சல் கேமரா ஒன்றை எடுத்துக்கொண்டால், அதில் 1.2 கோடி பிக்சல்கள் பச்சையை மட்டும் அளக்கின்றன. 60 லட்சம் சிவப்பை மட்டும், 60 லட்சம் நீலத்தை மட்டும். ரா கோப்பின் உடல் என்பது இந்த 2.4 கோடி அளவுகள்தான். 14 பிட் கேமராவில் ஒவ்வொரு அளவும் 0 முதல் 16,383 வரைக்குள் ஓர் எண். ஆனால் பார்க்கத் தகுந்த படமாக வேண்டுமென்றால் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண் தேவை. இல்லாத இரண்டை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்ப வேண்டும். நாம் பார்க்கும் டிஜிட்டல் படத்தின் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிக் கணக்கிட்டு எழுதப்பட்டது. கண்ணிமையின் ஒரு மயிர், தறியில் நெய்த சன்னமான கோடு, தூரத்து மரத்தின் இலைக்கூட்டம், இவையெல்லாம் அந்த ஊகத்தின் தரத்தைப் பொறுத்தே தெளிவாகவோ குழம்பியோ தெரிகின்றன. ராதெரபி மென்பொருளில் இந்த ஊக முறைகளின் பட்டியலையே பயனர் முன் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். புஜிஃபில்ம் 2012-இல் எக்ஸ்-ப்ரோ1 கேமராவில் இரண்டுக்கு இரண்டல்ல, ஆறுக்கு ஆறாக அமைந்த வேறொரு வடிகட்டி வரிசையைக் கொண்டுவந்தபோது, அடோபியின் மென்பொருளில் முதலில் வந்த படங்களில் இலைகளும் புற்களும் நீர்வண்ணம் போலக் கலங்கித் தெரிந்தன. கேமரா பிடித்த எண்களில் குறையில்லை. அவற்றைப் படிக்க ஆள் பழகியிருக்கவில்லை.

அதோடு முடிவதில்லை. அந்த எண்கள் ஒளிக்கு நேர்விகிதத்தில் இருப்பவை. அப்படியே திரையில் காட்டினால் கருத்துப்போய்ப் பச்சை படிந்த ஏதோ ஒன்றுதான் தெரியும். கறுப்பு 0-இல் தொடங்குவதுமில்லை. கேனனின் பல மாடல்களில் 2048-ஐக் கறுப்பென்று கொள்ள வேண்டும். ஒயிட் பேலன்ஸ் என்பது சிவப்பையும் நீலத்தையும் எத்தனையால் பெருக்குவது என்று ஓரத்தில் எழுதி வைத்த குறிப்பு. அந்தக் கேமராவின் சிவப்பு உலகத்தின் எந்தச் சிவப்பு என்று சொல்ல ஒன்பது எண்கள் கொண்ட ஓர் அட்டவணை வேண்டும். அது பல நேரங்களில் கோப்பிலேயே இருக்காது. புள்ளி மட்டும் வைத்து இழை இழுக்காமல் விட்ட கோலம் என்று ரா கோப்பைச் சொல்லலாம். எந்த இழை எங்கே வளைய வேண்டும் என்பது கேமராவைச் செய்தவருக்குத் தெரியும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

ரா கோப்பை நெகட்டிவ் என்று அழைக்கிறார்கள். பொருத்தம்தான், ஓர் எல்லை வரை. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858-இல் மதுரை, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி எடுத்தார். நாயக்கர் மகாலும் மீனாட்சியம்மன் கோயிலும் அவர் எடுத்த அன்றைய கோலத்தில் நமக்குக் கிடைப்பது அப்படித்தான். அவர் பயன்படுத்தியவற்றில் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்கள் நிறைய. வெறும் வெளுப்பாக வந்துவிட்ட வானத்துக்குள் மேகம் தெரிய வேண்டுமென்று நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டுவார். அதற்கு முன் பர்மாவில் எடுத்த படங்களில் அந்தக் கைவேலையைப் பார்க்கலாம். இன்று அப்படியொரு காகிதத்தைக் கையில் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தால் கோபுரம் தெரியும். தீட்டிய மேகமும் தெரியும். நூற்றறுபது ஆண்டுக்கு மேலாகிவிட்ட ஒரு நெகட்டிவைப் படிக்க டிரைப்பையோ காகிதம் விற்றவரையோ கேட்க வேண்டியதில்லை; ஒளி போதும். எழுத்துக்கு எழுத்து அவருடைய வேதியியல் நமக்குத் தெரியாமல் போனாலும் படம் தெரியும்.

ரா கோப்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சூரியன் அதைப் படிக்காது. யாராவது உட்கார்ந்து ஒரு நிரல் எழுதியிருந்தால்தான் உண்டு. டிஜிட்டல் யுகத்தில் நெகட்டிவைப் படிக்கும் ஒளி ஒரு மனித உழைப்பாக மாறிவிட்டது. அந்த உழைப்பில் பெரும்பங்கைத் தனியாளாகச் செய்தவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

டேவ் காஃபின் அமெரிக்காவைச் சேர்ந்த நிரலாளர். 1997-இல் டிசிரா என்ற நிரலை எழுதத் தொடங்கினார். எந்த டிஜிட்டல் கேமராவின் ரா கோப்பையும், எந்தக் கணினியிலும், எந்த இயங்குதளத்திலும் படிக்க ஒரு நிரல் வேண்டும் என்பது அவர் தனக்கு இட்டுக்கொண்ட வேலை. சி மொழியில், ஒரே ஒரு கோப்பாக அதை எழுதினார். 2018-இல் கடைசிப் பதிப்பு வந்தபோது அந்த ஒற்றைக் கோப்பு பத்தாயிரம் வரி அளவுக்கு வளர்ந்து நூற்றுக்கணக்கான கேமராக்களைப் படித்துக்கொண்டிருந்தது. அந்த நிரலைத் திறந்து மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்ப்பதைப் புகைப்பட ஆர்வமுள்ள ஒவ்வொருவருக்கும் சொல்வேன், நிரல் மொழி தெரியாவிட்டாலும். செயற்கூறுகளின் பெயர்களே ஒரு வரலாறு. கேனன் பவர்ஷாட் 600-க்கு ஒன்று. ஆப்பிள் நிறுவனம் கேமரா விற்ற காலம் ஒன்று இருந்ததே, 1994-இல் வந்த அதன் குவிக்டேக் 100-க்கு ஒன்று. கோடக்குக்குப் பல, ஒவ்வொரு மாடலிலும் அவர்கள் வேறு வேறு விதமாகச் சுருக்கினார்கள் போலும். மினோல்டா, ஃபேஸ் ஒன், பேனசோனிக், ஒலிம்பஸ், சிக்மாவின் ஃபோவியான் சென்சார். இவற்றில் மினோல்டா 2006-இல் கேமரா வியாபாரத்தை விட்டே போய்விட்டது. கோடக் 2012-இல் திவால் பாதுகாப்புக்கு மனுச் செய்தது. ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவை விற்றுவிட்டு 2021-இல் விலகிக்கொண்டது. அவர்களின் கோப்புகள் இன்னும் திறக்கின்றன. நிறுவனம் போன பிறகும் அதன் எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தார், வாசிக்கும் முறையை எழுதிப் பொதுவில் வைத்துவிட்டார் என்பதுதான் காரணம்.

இந்த நிரலில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நிற அட்டவணை. ஒவ்வொரு கேமராவுக்கும் அந்த ஒன்பது எண்களை யார் அளந்தது? காஃபினிடம் நூற்றுக்கணக்கான கேமராக்களும் ஆய்வகமும் இருக்க வாய்ப்பில்லை. அட்டவணையில் பெரும்பாலானவை அடோபி தன் பொது ரா வடிவமான டிஎன்ஜிக்குக் கோப்புகளை மாற்றும் கருவிக்காக அளந்து வைத்தவற்றிலிருந்து வந்தவை என்று நிரலிலேயே குறிப்பு இருக்கிறது. அதேபோல வணிக மென்பொருள்கள் பலவும் காஃபினின் நிரலை எடுத்துத் தங்கள் அடித்தளமாக்கிக்கொண்டன. டிசிராவிலிருந்து கிளைத்த லிப்ரா நிரல் நூலகம் 2008 முதல் வளர்ந்து, இன்று பெயர் தெரிந்த பல செயலிகளுக்குள் ஓசையில்லாமல் வேலை செய்கிறது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளும் இலவசமாகக் கிடைப்பதும் ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவர் எடுத்துப் படித்தே இதுவரை வந்திருக்கின்றன.

கேமரா நிறுவனங்கள் இதற்கு இடம் கொடுத்தனவா என்றால், 2005 ஏப்ரலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நிக்கான் தன் உயர்தர மாடலான டி2எக்ஸ் கேமராவின் என்இஎஃப் என்ற ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸ் குறிப்பை மட்டும் மறைகுறியாக்கி வைத்திருந்தது. போட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரும், 2003-இல் வெளிவந்த அடோபி கேமரா ரா செருகியை எழுதியவருமான தாமஸ் நோல் இதை வெளிப்படையாகச் சொன்னார். பூட்டை உடைக்கத் தொழில்நுட்பம் தடையில்லை. 1998-இல் இயற்றப்பட்ட அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் இத்தகைய பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியிருந்தது, ஒரு பெரிய நிறுவனம் அந்த ஆபத்துக்குள் இறங்காது. காஃபின் இறங்கினார். பிபிள் என்ற சிறிய மென்பொருளை எழுதியவர்களும் இறங்கினார்கள். இன்றும் டிசிராவின் நிரலில் அந்தத் திறவுமுறை இருக்கிறது: 256 எண்கள் கொண்ட இரண்டு அட்டவணைகள், சாவிகளாக இரண்டு எண்கள். ஒன்று கேமராவின் வரிசை எண். மற்றது அந்தக் கேமராவின் ஷட்டர் அதுவரை எத்தனை முறை திறந்து மூடியது என்ற கணக்கு. இரண்டுமே அதே கோப்பில் திறந்தபடி எழுதப்பட்டிருந்தன. வீட்டைப் பூட்டிச் சாவியை வாசலிலேயே மாட்டி வைத்ததில் திருடனைத் தடுக்கும் எண்ணம் இருந்திருக்க முடியாது. வேண்டாத விருந்தாளியைச் சட்டத்தின் பெயரால் நிறுத்தி வைக்கும் எண்ணம்தான்.

பூட்டப்பட்ட அந்தத் தகவல் எத்தகையது என்று நினைத்துப் பாருங்கள். ஒயிட் பேலன்ஸ் நிக்கானின் தொழில் ரகசியம் அன்று. மாலை வெயிலில் நின்று, இது இந்த அளவு மஞ்சளாக இருக்கட்டும் என்று புகைப்படக்காரர் கேமராவில் தாமே வைத்தது. அவர் கண்டதைப் பற்றி அவரே எழுதிய குறிப்பு. அதை அவரிடமிருந்தே மறைத்து, வாசிக்க வேண்டுமானால் எங்கள் மென்பொருளை வாங்கு, அல்லது நாங்கள் ஒப்புக்கொண்டவரின் மென்பொருளை வாங்கு என்பது எந்தக் கணக்கில் சரியாகும்? படத்தின் தரத்தைக் காக்கவே இந்த ஏற்பாடு, தகுதியுள்ள நிறுவனங்களுக்குக் கருவித்தொகுப்பு தருகிறோம் என்று நிக்கான் விளக்கம் தந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அடோபிக்கும் வழி ஏற்பட்டது. யூர்கன் ஷ்பெக்ட் என்ற புகைப்படக்காரர் முன்னின்று ஓப்பன்ரா என்ற முயற்சியைத் தொடங்கியதும் இந்தச் சர்ச்சையின் சூட்டில்தான். கோப்பின் அமைப்பை நிறுவனங்கள் எழுதி வெளியிட வேண்டும் என்பது அவர்கள் வைத்த கோரிக்கை. கேமராவின் நிற ரசனை, சத்தம் நீக்கும் முறை, லென்ஸின் வளைவைச் சரிசெய்யும் நுட்பம், இவை நிறுவனத்தின் கைத்திறன், அவற்றை வெளியிடக் கேட்பது நியாயமில்லை என்பதை நான் ஏற்கிறேன். சென்சார் என்ன அளந்தது, படம் எடுத்தவர் என்ன குறித்தார் என்பவை படம் எடுத்தவருடையவை. நிறுவனத்தின் கைத்திறனுக்கும் இவற்றுக்கும் நடுவே கோடு போடுவது கடினமில்லை. இருபது ஆண்டாகியும் பெரிய நிறுவனங்கள் போடவில்லை.

அடோபி வேறு வழியை முன்வைத்தது. 2004 செப்டம்பரில் அது வெளியிட்ட டிஎன்ஜி, எல்லோருக்கும் பொதுவான ரா வடிவம். அதன் அமைப்பு ஆவணம் யார் வேண்டுமானாலும் படித்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டது. நிற அட்டவணை, கறுப்பு அளவு, வடிகட்டி வரிசை எல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் நாளை வரப்போகும் கேமராவின் டிஎன்ஜி கோப்பையும் இன்றைய மென்பொருள் திறக்கும். லைக்கா, பென்டாக்ஸ், ரிக்கோ ஆகியவை இதை ஏற்றன. 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0 கைபேசிகளுக்கு ரா வசதி தந்தபோது தேர்ந்தது டிஎன்ஜியை; ஆப்பிள் 2020-இல் கொண்டுவந்த ப்ரோராவும் டிஎன்ஜிதான். கேனன், நிக்கான், சோனி மூன்றும் தங்கள் கேமராக்களில் அதை ஏற்காமலே இருந்துவிட்டன. உலகின் தொழில்முறைப் புகைப்படக்காரர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது இந்த மூன்றில் ஒன்று. ஒரு தனியார் நிறுவனத்தின் கையிலிருந்து வந்த பொது வடிவத்தை இன்னொரு தனியார் நிறுவனம் நம்பத் தயங்குவதில் பொருள் இருக்கிறது. ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையை மூவரில் எவரும் கொடுக்கவில்லை.

கொடுத்தவர்கள் யார் என்பதற்கு லைட்ரூம் 6 ஒரு கதை. ஒருமுறை வாங்கினால் நம்முடையது என்ற முறையில் அடோபி விற்ற கடைசி லைட்ரூம் அது, 2015-இல் வந்தது. 2017 டிசம்பரில் வந்த 6.14-தான் அதன் இறுதிப் பதிப்பு. அதற்குப் பிறகு வந்த கேமராக்களின் சொந்த ரா வடிவங்களை அது நேரடியாகப் படிக்காது. மென்பொருளில் ஒன்றும் பழுதாகவில்லை, அதன் திருத்தும் கருவிகள் அப்படியே வேலை செய்கின்றன. புதிய கேமரா வாங்கிய நாளில் அது ஊமையாகிவிடும். மாதச் சந்தாவுக்குப் போகலாம், அல்லது அடோபியே இலவசமாகத் தரும் டிஎன்ஜி மாற்றியில் ஒவ்வொரு கோப்பையும் போட்டு எடுத்துவிட்டுப் பிறகு திறக்கலாம். இரண்டாவது வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. சிறு ஊர்களில் ஸ்டுடியோ நடத்துகிறவர்கள் கேமராவுக்குக் கடன் வாங்கிவிட்டு, மென்பொருளுக்கும் மாதாமாதம் கட்ட நேர்வதில் இந்த ஒரு ரா ஆதரவுக்குப் பங்கு உண்டு.

படிப்பது ஒருபுறம் இருக்கட்டும். படித்து, திருத்தி, இதுதான் என் படம் என்று ஒருவர் முடிவு செய்கிறாரே, அந்த முடிவு எங்கே வாழ்கிறது? ரா கோப்பை யாரும் மாற்றுவதில்லை. எக்ஸ்போஷர் இவ்வளவு கூட்டு, வெளிச்சப் பகுதியை இவ்வளவு அடக்கு, இந்த மூலையை இருட்டாக்கு என்ற கட்டளைகள் மட்டும் பக்கத்தில் ஒரு சிறு எக்ஸ்எம்பி கோப்பிலோ மென்பொருளின் பட்டியலிலோ எழுதப்படுகின்றன. இந்தக் கட்டளைகளை இன்னொரு மென்பொருள் வாசிக்கலாம், நிறைவேற்ற முடியாது. ஒரு மென்பொருளின் 'ஹைலைட்ஸ்' வேறொன்றின் ஹைலைட்ஸ் ஆகாது, உள்ளே நடக்கும் கணக்கு வேறு. ஆப்பிள் 2005-இல் அப்பெர்ச்சர் என்ற அருமையான மென்பொருளை வெளியிட்டது. 2014-இல் நிறுத்தப் போவதாக அறிவித்தது. மேக் இயங்குதளத்தின் மொஹாவே பதிப்பு வரை ஓடியது, அதற்கடுத்து 2019-இல் வந்த கேட்டலினாவில் ஓடவில்லை. நிக்கானின் கேப்சர் என்எக்ஸ் 2 இன்னும் வருத்தம் தருவது. படத்தில் ஓரிடத்தைத் தொட்டு அந்த இடத்தின் நிறத்தை மட்டும் மாற்றும் யு பாயின்ட் வசதி அதன் உயிர். அதைச் செய்து தந்த நிக் நிறுவனத்தை 2012-இல் கூகுள் வாங்கியது. 2014-இல் நிக்கான் வேறு அடித்தளத்தில் கட்டிய என்எக்ஸ்-டி வந்தபோது, பழைய மென்பொருளில் ஆண்டுக்கணக்கில் செய்த யு பாயின்ட் திருத்தங்களை அதனால் காட்ட முடியவில்லை. அளவுகள் கோப்பில் பத்திரமாக இருந்தன. அவற்றிலிருந்து ஒரு கண் தேர்ந்தெடுத்த தோற்றம் போய்விட்டது.

ஆன்சல் ஆடம்ஸ் 1941 நவம்பரில் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் எடுத்த நிலவுப் படத்தைப் பல பத்தாண்டுகளுக்குத் திரும்பத் திரும்பப் பிரின்ட் போட்டார். போகப்போக வானம் கருத்துக்கொண்டே போனது; நடுவில் 1948-இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை வேதியியல் முறையில் அழுத்தமாக்கவும் செய்தார். எந்த ஆண்டு அவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு அந்தந்தக் காலத்துப் பிரின்ட் சாட்சி. நம்மிடம் பிரின்ட் இல்லை, கட்டளைகள் இருக்கின்றன. கட்டளையை நிறைவேற்றும் கை இல்லாமல் போனால் சாட்சியும் இல்லை. இந்த விஷயத்தில் அடோபியைப் பாராட்டத்தான் வேண்டும். கணக்கு முறையை மாற்றும் ஒவ்வொரு முறையும் பழையதைத் தூக்கி எறியாமல், 2003, 2010, 2012 என்று ஆண்டு குறித்து உள்ளேயே வைத்திருக்கிறார்கள். பழைய படம் பழைய கணக்கிலேயே திறக்கிறது, நாம் விரும்பினால் மட்டும் புதியதற்கு மாறுகிறது. ஆனாலும் அது அந்த நிறுவனம் இருக்கும் வரைக்கும், நாம் சந்தா கட்டும் வரைக்குமான ஏற்பாடு. நெருங்கியவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு: முடித்த படம் என்று நினைப்பதை 16 பிட் டிஃப் கோப்பாகவும் எடுத்து வையுங்கள். இடம் நிறையப் பிடிக்கும். பிடிக்கட்டும்.

படிக்கத் தெரிந்தவர்கள் வெளியே இருப்பதில் இன்னொரு பயனும் உண்டு. கேமராவே நமக்கு என்ன செய்கிறது என்று அவர்களால்தான் தெரியவந்தது. சோனியின் ரா கோப்புகள் நெடுங்காலம் தகவலை இழந்து சுருக்கப்பட்டவையாகவே இருந்தன. இருண்ட வானத்தில் நட்சத்திரத் தடம், கறுப்பை ஒட்டிய கூர்மையான வெள்ளை விளிம்பு போன்ற இடங்களில் அந்த இழப்பு கரடுமுரடாகத் தெரிந்தது. லிப்ராவை உருவாக்கியவர்களே எழுதிய ராடிக்கர் என்ற கருவியால் எண்களை நேரடியாகத் திறந்து பார்த்து, இழப்பு எங்கே எப்படி நேர்கிறது என்று காட்ட முடிந்தது. பயனர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2015-இல் ஏ7எஸ் II, ஏ7ஆர் II கேமராக்களுக்குச் சுருக்காத ரா கிடைத்தது. நிறுவனத்தின் மென்பொருள் ஒன்றே வாசிக்கக் கூடியதாக இருந்திருந்தால், படத்தில் ஏதோ சரியில்லை என்ற சந்தேகத்தோடு அது நின்றிருக்கும்.

கதை முடிந்துவிடவில்லை. 2018-இல் கேனன் ஈஓஎஸ் எம்50 கேமராவோடு சிஆர்3 என்ற புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது. முந்தைய சிஆர்2 கோப்பு டிஃப் அமைப்பைத் தழுவியது, எல்லோருக்கும் பழகியது. சிஆர்3-இன் கூடு வீடியோக் கோப்புகளின் கூட்டை ஒத்தது, உள்ளே சுருக்கும் முறையும் புதியது. லாரன்ட் கிளெவி என்பவர் அதை அங்குலம் அங்குலமாகப் பிரித்து ஆவணப்படுத்தினார். லிப்ரா 2020-இல் அதைப் படித்தது. ஆனால் கோப்பின் குறிப்புகளை வாசிக்கும் எக்ஸிவ்2 நூலகத்தில், அந்தக் கூட்டின்மேல் காப்புரிமைச் சிக்கல் இருக்குமோ என்ற அச்சத்தால் வேலை இழுத்துக்கொண்டே போனது. டார்க்டேபிள் சிஆர்3-ஐத் திறந்தது 2021 டிசம்பரில். கேமரா கடைக்கு வந்து ஏறத்தாழ நான்கு ஆண்டு. அந்த ஆண்டுகளில் கேனன் வாங்கி, கட்டற்ற மென்பொருளில் வேலை செய்ய விரும்பிய ஒருவர், தன் படங்களை முதலில் டிஎன்ஜியாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நிக்கானின் இசட்9 கேமரா 2021-இல் கொண்டுவந்த உயர்திறன் சுருக்கத்தில் இன்டோபிக்ஸ் என்ற பெல்ஜிய நிறுவனத்தின் நுட்பம் இருக்கிறது. அங்கேயும் அதே இழுபறி.

இத்தகைய ஒவ்வொரு தடையையும் விலக்க வேண்டியவை வீரச்செயல்கள் அல்ல, பொறுமையான சில்லறை வேலைகள். கட்டற்ற புகைப்பட மென்பொருள் எழுதுகிறவர்கள் சேர்ந்து, ஒவ்வொரு கேமரா மாடலின் ரா கோப்பு மாதிரிகளையும் திரட்டும் ஒரு பொதுக் களஞ்சியத்தை பிக்ஸ்ல்ஸ் என்ற பெயரில் நடத்துகிறார்கள். மாதிரி தருபவர் அதன்மீதுள்ள உரிமை அனைத்தையும் விட்டுக்கொடுத்துப் பொதுவுக்கு ஆக்கிவிட வேண்டும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. மேசை, சுவர், ஜன்னல் எதுவும் போதும். கவனமாக எடுத்திருக்க வேண்டும், கேமராவிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், எந்த மென்பொருளும் தொட்டிருக்கக் கூடாது. ஒரே கேமராவில் 12 பிட் ஒன்று, 14 பிட் ஒன்று, சுருக்கியது, சுருக்காதது, சட்டக விகிதம் மாற்றியது என்று தனித்தனியாகக் கேட்பார்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் கறுப்பு அளவும் வெட்டும் எல்லையும் வேறாக இருக்கலாம். அந்த மாதிரியை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் மாடலின் பெயரையும் நான்கைந்து எண்களையும் ஒரு பட்டியலில் சேர்ப்பார். அடுத்த பதிப்பிலிருந்து உலகம் முழுவதும் அந்தக் கேமராவின் கோப்பு திறக்கும். பழைய, அதிகம் விற்காத மாடல்களில் இன்னும் மாதிரியே வராதவை உண்டு, வந்தும் சில வகைகள் விடுபட்டவை உண்டு. எந்த மாடலுக்கு எது தேவை என்ற பட்டியலையும் அவர்களே வைத்திருக்கிறார்கள். பீரோவில் பெட்டியோடு கிடக்கும் பழைய கேமராவுக்கு மின்கலம் இன்னும் ஏறுகிறதென்றால், அதன் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, ஜன்னலோரம் வைத்து ஒரு ரா எடுத்து அனுப்பலாம்.